ஒற்றை மாணவியின் பதிவேடு

ஆகஸ்ட் 9, 2023, புதன்

ஆடிக் கிருத்திகை. விரதம். விளக்கேற்றிப் பாலும் பழமும் படைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் பதினோராம் வகுப்பைத் தொடங்கினோம்.

வட கரோலினா மாநில அரசின் கோப்பில் எங்கள் வீட்டுக்கு வேலவன் அகாடமி என்று பெயர். மாணவி ஒருத்தி, என் மகள் குகப்பிரியா. தலைமையாசிரியை, ஆசிரியை, மணி அடிப்பவள் எல்லாம் நான். இவருக்கு இங்கே நூல்மில்லில் வேலை கிடைத்துத் திருப்பூரிலிருந்து வந்த புதிதில், இரண்டு வருஷத்தில் மூன்று ஊர் மாறினோம். மூன்றாவது பள்ளிக்கூடத்தில் குகா வாயே திறப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் நானே சொல்லித் தருகிறேன் என்று அன்றைக்கு வாயை விட்டவள்தான். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து, அவளுக்கு ஒரு பாடம் முன்னால் நான் படித்துக்கொண்டே ஓடுகிறேன். இது ஏழாவது வருஷம்.

மாலையில் வேதியியலில் ஒரு பரீட்சை. விடைத்தாளைத் திருத்திப் பதிவேட்டில் 78 என்று ஏற்றினேன். வழக்கப்படி.

நாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட வேண்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கோயிலுக்குப் போயிருந்தோம். பிரசாத வரிசையில் மதுரைக் கலைவாணி அக்கா பிடித்துக்கொண்டார்.

"இங்கேரு மரகதம், குகாவுக்கு எத்தன ஏ.பி. போட்டுருக்க?"

ஏ.பி. என்பது கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பள்ளியில் இருந்தபடியே படித்து, மே மாதம் நாடு முழுக்க நடக்கும் பரீட்சையை எழுதுவது. ஐந்துக்கு மதிப்பெண். எங்களைப் போல வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு, அம்மா போட்ட மார்க்கை எந்தப் பல்கலைக்கழகமும் அப்படியே நம்பாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். ஒன்று இந்த ஏ.பி. இல்லாவிட்டால், பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் மாவட்டத்தின் கம்யூனிட்டி காலேஜ்.

"இன்னும் முடிவு பண்ணலக்கா. கம்யூனிட்டி காலேஜும் பாக்கலாமான்னு..."

"ஐயோ, அங்கிட்டா? அங்க லாரி ஓட்டறவங்கல்லாம்ல படிக்கிறாங்க. எம்பையன் ஒம்பது ஏ.பி. எழுதுனான். ஒம்பது! எட்டுல அஞ்சுக்கு அஞ்சு. ஒன்னுல மட்டும் நாலு. அத நான் வெளிய சொல்றதே இல்ல."

"இப்பச் சொல்லிட்டீங்களேக்கா" என்றேன். கையிலிருந்த புளியோதரையை அப்படியே என் தொன்னையில் கொட்டிவிட்டுச் சிரித்தார். நல்ல மனசுதான்.

குகாவுக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் சாயத்தொழில் வேதியியல் படிக்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்து ஆசை. அப்பா மில்லிலிருந்து கொண்டுவரும் நூல் துண்டுகளை வெந்நீரில் போட்டு, எது சாயம் விடுகிறது, எது விடுவதில்லை என்று உட்கார்ந்து எழுதுவாள். திரும்பி வரும்போது அதைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"ஸ்டேட் யுனிவர்சிட்டி எல்லாம் எதுக்குங்மா? எனக்கெல்லாம் அங்க கெடைக்காது. பக்கத்துல சின்னதா ஏதாச்சும் பாத்துக்கலாம்."

அடக்கமான பிள்ளை. முருகன் கொடுத்தது.

செப்டம்பர் 23, சனி

ஏ.பி. என்ற பெயரைப் பாடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமானால் பாடத்திட்டம் எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆடி மாதத்திலிருந்தே எழுதினேன். பதினான்கு பக்கம். எந்த வாரம் எந்தப் பாடம், எந்தச் சோதனை, என்ன புத்தகம், எல்லாம். இன்று ஒப்புதல் வந்துவிட்டது. ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

கடிதத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைச் சாமி அலமாரியில் வைத்தேன். தொலையாமல் இருக்கும்.

அக்டோபர் 3, செவ்வாய்

எதற்கும் கம்யூனிட்டி காலேஜைப் பார்த்துவிடலாம் என்று குகாதான் சொன்னாள். போனோம். வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். அந்த ஆய்வகத்தை அவள் பார்த்த பார்வையை நான் எழுத வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே நரைத்த தலையும் உண்டு, மீசை முளைக்காததும் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி.

சேர்க்கை ஆலோசகர் திருமதி பெல் எங்கள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஆங்கிலம் 72, கணக்கு 81, வேதியியல் 78, வரலாறு 70. ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். பிறகு மெதுவாகக் கேட்டார், உங்கள் மகளுக்குப் படிப்பில் என்ன சிரமம் என்று.

"சிரமமா? வகுப்பில் இவள்தான் முதல்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த ஊரில் தொண்ணூறுக்கு மேலே போனால்தான் ஏ. எழுபதுகளில் இருந்தால் சி. சி என்றால் தட்டுத்தடுமாறி வருகிற பிள்ளை. ஏழு வருஷமாக இது எனக்குத் தெரியாது. சத்தியமங்கலத்தில் நாங்கள் படித்தபோது பள்ளிக்கூடத்திலேயே ஆங்கிலத்தில் முதலாக வந்தவள் வாங்கியது 74. அதற்கு மைசூர்பாகு கொடுத்தார்கள். அதைத்தான் அந்த அம்மாவிடம் சொன்னேன். எங்கள் பக்கம் மார்க் போடுவதில் கறார் என்று சொன்னேன். அதுவும் ஒரு காரணம்தான்.

குகா கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 4, புதன்

இவரிடம் சொன்னேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே சொல்கிறார்:

"ஏம்புள்ள, ஒரே ஒரு ஆளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அதுக்கு நீதான் ஹெட்மாஸ்டரு. மாத்திப் போட்டா ஆரு வந்து கேக்கப்போறாங்க?"

"ஏட்டுல ஏத்துனத அழிக்கிற பழக்கம் எனக்கில்லீங்க."

"அப்ப அந்த அம்மா சொன்ன மாதிரி புள்ள சி-யாவே இருக்கட்டும்ங்கறியா?"

ஏ.பி.தான் வழி. மே மாதம் ஐந்துக்கு ஐந்து வாங்கிவிட்டால் அப்புறம் பதிவேட்டை எவர் பார்க்கப்போகிறார்கள்? வெளிப்பிள்ளைகளைப் பரீட்சை எழுத அனுமதிக்கும் தனியார் பள்ளி ஒன்று இருக்கிறது. நவம்பர் பாதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பாடத்திட்டமும் கையில் தயார்.

அக்டோபர் 14, சனி

திருமதி பெல் சில விடைத்தாள்களை அனுப்பச் சொல்லியிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குகா பெட்டிகளை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த ஆகஸ்ட் மாசத்து கெமிஸ்ட்ரி பேப்பரு, கேள்வி கேள்வியா நீங்க போட்டதக் கூட்டுனா தொண்ணூத்தி நாலு வருது. ஏட்டுல எழுவத்தெட்டுன்னு இருக்குது."

"கூட்டல் தப்பாயிருக்கும்."

"உங்களுக்கா?"

நான் தலையணை உறையை மடித்தேன். அவள் அடுத்த தாளை எடுத்தாள். அதற்கடுத்ததை. ஒரு மணி நேரம் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது.

"அறுபத்தி மூணு பேப்பருங்மா. எல்லாத்துலயும் கூட்டல் தப்பு. எல்லாமே கம்மியாத்தான் தப்பாயிருக்குது."

அக்டோபர் 15, ஞாயிறு

குகாவுக்கு இட்லி நான்கு வைத்தேன். இரண்டு சாப்பிட்டாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்று விளக்கேற்றிவிட்டு அவளை உட்காரவைத்துச் சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில், நான் வைத்த முதல் பரீட்சையில் அவள் 98 வாங்கினாள். நான் அதைத் திருப்பூருக்கு ஃபோன் செய்து நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீடு என்று எல்லோரிடமும் சொன்னேன். கோயிலில் சொன்னேன். அந்த வாரமே பிள்ளைக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல், நான்கு நாள் ஆஸ்பத்திரி. கண் பட்டுவிட்டது என்று எனக்குள் விழுந்துவிட்டது. அடுத்த பரீட்சையில் ஐந்து குறைத்து ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு அவள் நன்றாகச் செய்யச் செய்ய நானும் அதிகமாகக் குறைத்தேன். பத்து, பதினைந்து. அல்ஜீப்ராவில் நூற்றுக்கு நூறு வாங்கியபோது பத்தொன்பது.

"கொழந்தைக்குக் கன்னத்துல மை வெக்கறதில்லியா சாமி, அந்த மாதிரிதான் நெனச்சேன்" என்றேன்.

குகா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மை வெச்சா கண்ணாடில தெரியுமுங்மா. மைன்னு எனக்கும் தெரியும். இது தெரியலியே. நான் நெசமாவே எழுவத்தெட்டுன்னுதான் இருந்தேன். எவ்வளவு படிச்சாலும் ஏறமாட்டீங்குதேன்னு பாத்ரூம்ல போயி அழுதுருக்கறேன். எனக்கு வராது, எனக்கு மண்டை அவ்வளவுதான்னு."

அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

ஆகஸ்ட் 27ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அடக்கமான பிள்ளை என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

பதிவேட்டைத் திருத்தி முடித்தோம். அழிப்பான் தொடவில்லை. பழைய எண்ணின் மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான கூட்டுத்தொகை, கீழே என் கையெழுத்து. அடித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். குகா தாளைப் பார்த்து வாசித்தாள், நான் எழுதினேன். ஒன்பது நாள் ஆயிற்று. 95, 97, 92, 100. அவள் குரல் முதல் நாள் கடையில் சாமான் பட்டியல் படிப்பதுபோல இருந்தது. நான்காம் நாள் ஓர் இடத்தில் நின்று, "ஏனுங்மா, இந்தக் கட்டுரை நல்லாத்தான எழுதிருக்கறேன்?" என்று கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கிற" என்றேன். நாக்கு கூசியது. ஆனால் சொல்லிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் ஏன் குறைத்தேன் என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிச் சேர்த்திருக்கிறேன். திருமதி பெல் அதைப் படித்துவிட்டு ஃபோன் செய்தார். அவருடைய பாட்டி குழந்தைகளின் சட்டைக்குள் சிவப்பு நூல் கட்டுவாராம்.

நவம்பர் 5, ஞாயிறு

முடிவெடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன்.

ஏ.பி.: வீட்டிலேயே படிக்கலாம். ஒப்புதல் பெற்ற பாடத்திட்டம் உண்டு. மதிப்பெண் குறைந்தால் யாருக்கும் காட்டாமல் விட்டுவிடலாம். ஸ்டேட் யுனிவர்சிட்டி ஏற்கும். குளிரில் அலைய வேண்டாம். இப்படி எட்டு.

காலேஜ்: ஆய்வகம் உண்டு. இதையும் யுனிவர்சிட்டி ஏற்கும். கட்டணம் இல்லை. ஆனால் அங்கே வாங்கும் மதிப்பெண் ஆயுசுக்கும் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். கெட்டால் கெட்டதுதான்.

குகா இரண்டு பத்தியையும் படித்தாள்.

"உங்க பாடத்திட்டம் நல்லாருக்குதுங்மா. நெசமாத்தான் சொல்றேன், பதினாலு பக்கமும் படிச்சேன். ஆனா அதுல மே மாசம் வரைக்கும் வாரா வாரம் மார்க் போடப்போறது நீங்கதானுங்களே."

"இனிமே குறைக்க மாட்டேன் சாமி."

"தெரியும். இனிமே சேத்திப் போடுவீங்க." சிரித்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு சிரிப்பு. "என்னத் தெரியாத ஒருத்தரு போடட்டுங்மா. ஒருநாள் பரீட்சையில இல்ல, வாரா வாரம். கம்மின்னா கம்மி. எனக்கு எவ்வளவுன்னு நான் தெரிஞ்சுக்கோணும்."

"அந்த மார்க்கு அழியவே அழியாதாமா அம்மிணி" என்றார் இவர்.

"அதுதானுங்ப்பா வேணும்."

பதினாறு வயது. நான் அந்த வயதில் மார்க்கைப் பார்க்கப் பயந்து, ரிசல்ட் வந்த நாளில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவள்.

நவம்பர் 13, திங்கள்

சஷ்டி விரதம் ஆரம்பம். காலேஜ் சேர்க்கைப் படிவத்தில் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டேன். தனியார் பள்ளிக்குப் பெயர் கொடுக்கவில்லை. இன்றோடு அங்கே தேதி முடிகிறது.

பாடத்திட்டத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கோப்பில் வைத்தேன். சாமிக்குப் பூ வைக்க இடம் பற்றவில்லை.

ஜனவரி 9, 2024, செவ்வாய்

முதல் வகுப்பு. கொண்டுபோய் விட்டேன். மூன்று மணி நேரத்துக்காக வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோல் வீண் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் போன கதவு வழியாக இருபத்தாறு பேர் உள்ளே போனார்கள்.

வரும்போது கேட்டேன், ஆசிரியை எப்படி என்று. முனைவர் ஒகாஃபோர். நைஜீரியாக்காரர். முதல் வார்த்தையே, "இந்த வகுப்பில் யாரும் இயல்பிலேயே கெட்டிக்காரர் இல்லை, கை கழுவுபவர் உண்டு, கழுவாதவர் உண்டு" என்பதுதானாம். எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்தது என்று குகாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

முதல் ஆய்வகத் தேர்வு. 71.

வீட்டில் முட்டைக்கோஸ் சாறும் சோடா உப்பும் வைத்து நான் சொல்லிக்கொடுத்ததில், அளவுக்குழாயைத் திறந்து ஒவ்வொரு சொட்டாக விடும் வித்தை இல்லை. அவள் கை நடுங்கியிருக்கிறது. தாளில் ஒவ்வொரு மார்க் குறைத்த இடத்திலும், ஏன் குறைத்தேன் என்று அந்த அம்மா இரண்டு வரி எழுதியிருக்கிறார். எட்டு இடம், எட்டுக் காரணம். ஏழு வருஷத்தில் நான் ஒரு இடத்தில்கூட அப்படி எழுதியதில்லை. என்னிடம் எழுதுவதற்குக் காரணம் இருக்கவில்லை.

குகா அந்தத் தாளைக் காந்தம் வைத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

"எழுவத்தொண்ணப் போயி ஒட்டறியே."

"இது கரெக்டான எழுவத்தொண்ணுங்மா. எங்க ஏறோணும்னு எழுதியிருக்குது பாருங்க."

71 என்றே ஏற்றினேன்.

மார்ச் 21, வியாழன்

குகாவின் ஆய்வக ஜோடி வாண்டா இன்றும் சாப்பிட வந்தார். ஐம்பத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருபவர். நர்ஸ் ஆக வேண்டுமாம். குகாவுக்குக் கை நடுங்காமல் சொட்டு விடச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்: "கிழவிக்கு மருந்து ஊற்றுகிறாய் என்று நினைத்துக்கொள், அவசரப்பட்டால் உன்மேல் துப்பிவிடுவாள்."

பதிலுக்குக் குகா அவருக்கு மோல் கணக்கு சொல்லித்தருகிறாள். இன்று இரண்டு பேருமே ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். நான் தோசைக்கரண்டியோடு போய் நின்று பார்த்தேன். வாண்டாவுக்கு அரிசி படிக்கணக்கில் விளக்கினேன். ஒரு படியில் எத்தனை அரிசி என்று எண்ணிப் பார்க்க மாட்டோம், படியால் அளப்போம். மோல் அந்தப் படி மாதிரி. வாண்டா பென்சிலை மேசையில் தட்டி, ஆறு வாரமாக யாரும் எனக்கு இதை இப்படிச் சொல்லவில்லையே என்றார்.

"எங்கம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க, எல்லாமே" என்றாள் குகா ஆங்கிலத்தில். அடுப்பில் தோசை கருகிவிட்டது. அதைப் பார்க்கப் போனேன்.

மே 10, வெள்ளி

பருவ முடிவு. 91. ஏ.

திருப்பூருக்கு ஃபோன் செய்தேன். நாத்தனாரிடம் தொண்ணூற்று ஒன்று என்றே சொன்னேன், ஒரு மார்க் குறைக்காமல். கலைவாணி அக்காவுக்கும் சொன்னேன். "கம்யூனிட்டி காலேஜ்லயா? சரி சரி, அடுத்த செமஸ்டர் எப்பச் சேர்க்கை? எம்பொண்ணுக்குக் கேட்டுச் சொல்லு" என்றார்.

அப்புறம் மிளகாயும் உப்பும் எடுத்துக் குகாவுக்குச் சுற்றிப்போட்டேன். அதை மட்டும் என்னால் விட முடியாது. புகை மணி அலறி, இவர் துண்டோடு ஓடி வந்தார். குகா இருமிக்கொண்டே சிரித்தாள். "மார்க்குல கை வெக்கறதுக்கு இது தேவலைங்மா" என்றாள்.

அக்டோபர் 20, 2024, ஞாயிறு

குகா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். சாயத்தொழில் வேதியியல்தான். பக்கத்தில் சின்னதாக என்ற பேச்சே வரவில்லை. பள்ளித் தலைமையாசிரியர் நிரப்ப வேண்டிய பகுதி மட்டும் பாக்கி. சிவப்புக் கோடுகள் போட்ட பதிவேட்டை, என் விளக்கப் பத்தியோடு அப்படியே ஏற்றினேன். பிறகு கேள்விகள்.

இந்த வகுப்பில் மொத்தம் எத்தனை மாணவர்கள்? ஒருவர்.

வகுப்பில் இந்த மாணவியின் இடம்?

"மொதலுன்னும் போடலாம், கடைசின்னும் போடலாம்" என்றார் இவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து. போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுங்கள் என்று அனுப்பினேன்.

அடுத்தது கட்டங்கள். நீங்கள் பார்த்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி? சராசரிக்குக் கீழ், சராசரி, நன்று, மிக நன்று, கடைசியாக, என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகச் சிறந்த சிலரில் ஒருவர்.

சராசரிக்கும் நன்றுக்கும் நடுவில் கை தானாகப் போய் நின்றது. ஏழு வருஷப் பழக்கம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுபத்தொன்றைக் குளிர்பெட்டியில் ஒட்டியவளை நினைத்தேன். அழியாத மார்க்தான் வேண்டும் என்று கேட்டவளை. என்னை மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லாமல், ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவளை.

கடைசிக் கட்டத்தை அழுத்தினேன். என் பணிக்காலத்தில் நான் கண்டது ஒருத்தியைத்தான். பொய்யில்லை.

கீழே கட்டுரைக்கு இடம் இருந்தது. அகராதி பார்க்காமல் எழுதினேன். இவளுடைய மதிப்பெண்ணை நான் தவறாக எழுதினேன். அதைக் கண்டுபிடித்தபோது இவள் உயர்ந்த எண்ணைக் கேட்கவில்லை, சரியான எண்ணைக் கேட்டாள். தன்னை அறியாதவர்கள் முன்னால் போய் நின்று, குறைந்த மதிப்பெண் வாங்கி, அதை மறைக்காமல், அங்கிருந்து ஏறினாள். எனக்கு வேதியியல் தெரியாதபோது என்னோடு சேர்ந்து கற்றாள். நான் தவறியபோது எனக்கு நேர்மை கற்றுத் தந்தாள். இவளை அனுப்புவதில் எங்கள் பள்ளி பெருமைப்படுகிறது.

மாணவிக்கு இதைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று படிவத்தின் அடியில் போட்டிருந்தது. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டு, "குகா, இங்க வா" என்று கூப்பிட்டேன்.

ஈரத்தலையில் துண்டோடு வந்து வாசல்படியில் நின்றாள். கட்டத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படித்தேன். படித்து முடித்தும் திரையிலிருந்து கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுவது கேட்டது.

"இன்னொருக்காப் படிங்மா" என்றாள்.

படித்தேன்.